குவேக்கர் மௌன வழிபாட்டில் பிள்ளைகள் நெளிகிறார்களா?

முதல் 15 நிமிடம் உட்காரவைப்பதை விட்டுவிட்டு, கடைசி 10 நிமிடத்துக்கு மட்டும் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அமைதியாக அமர்ந்து வழிபடும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் பல கூட்டங்களில், இங்கிலாந்தில், இதுவும் வழக்கம்தான்.

தொடக்கத்தில் பெரியவர்களே அமைதிக்குள் இறங்கியிருக்க மாட்டார்கள். தாமதமாக வருபவர் கதவைத் திறந்தால் சின்னத் தலைகளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். பிறகு பாதியில் எழுந்துபோவது வேறு, நாற்காலிச் சத்தத்தோடு.

நான்கு ஞாயிறு மாற்றிப் பாருங்கள். பக்கத்து அறையில் வரைந்ததைக் கையோடு கொண்டுவரட்டும். வழிபாட்டைக் கவனித்துக்கொள்ளும் மூப்பர்கள் கைகுலுக்கி அதை முடித்ததும் எல்லோருக்கும் காட்டலாம். காட்ட ஒன்று இருந்தால் பொறுமை தானாக வரும்.

அந்த அறையில் பின்னணிச் சோதனை முடித்த பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் அன்றைக்குப் பிள்ளைகள் பெற்றோருடனேயே இருக்கட்டும். பதின்வயதினரை இதில் சேர்க்காதீர்கள், அவர்களைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

நேரத்தை நிரந்தரமாக மாற்றுவதென்றால் முதலில் மூப்பர்களிடம் பேசுங்கள். சபை முடிவுகளை எடுக்கும் அலுவல் கூட்டத்துக்குப் போனால் வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தை நடத்தும் எழுத்தர் முடிவைக் குறிப்பெழுதி வாசித்து, கூட்டம் ஏற்க வேண்டும். கொஞ்சம் இழுக்கும்.