தினம் ஒரு வசனம் போதாதா? முழு வேதாகமத்தையும் வாசிக்க வேண்டுமா?

மட்டக்களப்பில் கிறிஸ்தவக் கடை திறப்பு விழாக்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் யோபு 8:7. துவக்கம் அற்பமானாலும் முடிவு சம்பூரணமாக இருக்கும் என்பது அது. அதைச் சொன்னவர் கடவுள் அல்லர், யோபின் நண்பர் பில்தாத். அதே பேச்சில், மூன்று வசனங்களுக்கு முன்பு, பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபிடம் ‘அவர்கள் பாவம் செய்திருப்பார்கள்’ என்ற பொருளில் பேசுகிறார். யோபு 42:7இலோ, இந்த நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கோபிக்கிறார். தினம் ஒரு வசனம் அச்சிட்ட கலண்டர் தாளில் இதற்கெல்லாம் இடமேது?

எரேமியா 29:11உம் அப்படித்தான். உங்களுக்காக நான் நினைப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கடவுள் சொல்லும் வசனம் அது. நம்பிக்கை தரும் வாக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அவர்கள் ஊர் திரும்புவது 70 ஆண்டுகளுக்குப் பிறகுதான் என்கிறது முந்தைய வசனம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியே இருக்கமாட்டார்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த நம் மக்களுக்கு அந்தக் கனம் புரியும்.

வசன எண்களே பிற்காலத்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள எண்களை இட்டவர் ரொபேர் எத்தியேன் என்ற அச்சகர், 1551இல். அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதியது கடிதம். கடிதத்தை நடுவில் ஒரு வரி மட்டும் யார் வாசிப்பார்கள்?

ஆதியாகமத்தில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான்; கொழும்பு ரயிலில் ஏறினால் பாதி வழிக்குள் முடித்துவிடலாம். பிறகு லூக்காவையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கே எழுதப்பட்டவை.