எடைக்குறைப்பு அறுவை: பயந்தவர்களின் கேள்விகள், பயந்துபோன ஒருத்தியின் பதில்கள்

மதுரையில் அறுவை சிகிச்சை வார்டில் 22 வருடம் சிஸ்டராக வேலை பார்த்தவள் நான். 2017-இல் எனக்கே இந்த அறுவை நடந்தது. ஐந்தடி ஒரு அங்குல உயரத்துக்கு அன்று 108 கிலோ. ஒரு வருடத்தில் 70-க்கு வந்தேன், இப்போது 75-இல் நிற்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்திலும் நின்றிருக்கிறேன், கட்டிலிலும் படுத்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் பதில் சொல்ல உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை அளவை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

திருச்சியிலிருந்து, 34 வயது: சிஸ்டர், தேதி குறித்துவிட்டார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். மேசையிலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கமே இல்லை. 2024-இல் சென்னைப் பக்கம் ஒரு பையன் இறந்த செய்தியை மாமியார் தினமும் ஞாபகப்படுத்துகிறார்.

பதில்: அந்தச் செய்தி உண்மைதான். விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் உரிமத்தை அரசு நிறுத்திவைத்தது. அதனால் மாமியாரிடம் கோபப்படாதீர்கள், அவர் பயத்தை நல்ல கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள இடங்களில் இந்த அறுவைக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் உயிரிழப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர். பித்தப்பையை எடுப்பதில் உள்ள ஆபத்தும் கிட்டத்தட்ட இவ்வளவுதான், அதற்கு யாரும் இப்படிப் பயப்படுவதில்லை. ஆனால் அந்தக் கணக்கு எல்லா வசதியும் உள்ள இடத்துக்கு. நேரில் போய்க் கேளுங்கள்: அதே கட்டடத்தில் ஐ.சி.யூ. இருக்கிறதா? ராத்திரியில் மயக்க டாக்டர் இருப்பாரா? உங்கள் சர்ஜன் மாதத்துக்கு எத்தனை செய்கிறார்? வீட்டுக்குப் போனபின் இரவு இரண்டு மணிக்கு வலித்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு நம்பரும் பதிலாக வராத இடத்தில் நான் படுக்க மாட்டேன்.

குறட்டை விடுபவர் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்ற பரிசோதனையையும் முன்பே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மயக்கத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அப்புறம், பயம் வருவது சகஜம். நான் முந்தின நாள் பீரோ சாவி, நகைச் சீட்டு விவரமெல்லாம் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்துக்கொண்டு கேலி செய்கிறார்.

திருநெல்வேலியிலிருந்து, மகளுக்காகக் கேட்கும் தகப்பனார்: வயிற்றில் முக்கால்வாசியை வெட்டிப் போட்டால் அந்தப் பிள்ளை எப்படிம்மா சாப்பிடும்? பிறகு வேண்டுமானால் திருப்பி ஒட்டலாமா?

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது ஸ்லீவ். இரைப்பை ஒரு பை மாதிரி இருக்கிறது அல்லவா, அதைச் சட்டைக் கை மாதிரி நீளக் குழாயாக்கி மீதியை எடுத்துவிடுவார்கள். 75 முதல் 80 சதவீதம் போய்விடும். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஜீரணத்தின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் நடக்கிறது, அதை இதில் தொடுவதில்லை. எடுக்கும் பகுதியில்தான் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அதனால்தான் முதல் சில மாதம் பலருக்குப் பசியே தெரிவதில்லை. மகள் பட்டினி கிடக்கிறாள் என்று நீங்கள் நினைப்பீர்கள், அவளுக்கு அப்படி இருக்காது.

பைபாஸ் என்பது இன்னொரு வகை எடைக்குறைப்பு அறுவை. அதில் இரைப்பையைச் சின்னப் பையாகப் பிரித்துக் குடலைக் கொண்டுவந்து இணைப்பார்கள். மகளுக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் ரொம்ப நாளாக இருக்கிறது என்றால் எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு இதைப் பற்றிக் கேளுங்கள். ஸ்லீவுக்குப் பிறகு சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடும்.

சேலத்திலிருந்து, 24 வயது: 160 செ.மீ., 84 கிலோ. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. தை மாதத்துக்குள் மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அதற்குள் செய்துவிடலாம் என்கிறார் அம்மா.

பதில்: தங்கச்சி, உன் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 33 பக்கம் வருகிறது. 2022-இல் வந்த சர்வதேசப் பரிந்துரைப்படி 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையை யோசிக்கலாம். ஆசியர்களுக்கு வரம்பை இறக்கி 27.5 என்றே வைத்திருக்கிறார்கள். ஆக, எண்ணைப் பார்த்து உன்னை மறுக்க முடியாது. காரணத்தைப் பார்த்து நான் மறுப்பேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வருகிற தேதியை வைத்து இரைப்பையை வெட்டக் கூடாது. இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்: செய்துகொண்டால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். எடை குறையக் குறையக் கரு தரிக்கும் வாய்ப்பும் கூடும் என்பதால் கவனமாகவே இருக்க வேண்டும். கல்யாணமான மூன்றாவது மாதமே 'விசேஷம் உண்டா' என்று கேட்கும் ஊர் இது. முதலில் நல்ல டயட்டீஷியனையும் ஹார்மோன் டாக்டரையும் பார். உனக்கே, உனக்காகத் தோன்றினால் அப்புறம் வா, பேசுவோம்.

ஈரோட்டிலிருந்து: அறுவைக்கு முன் இரண்டு வாரம் சோறே இல்லாமல் பவுடர் பாலில் இருக்கச் சொல்கிறார்கள். எப்படியும் குறையத்தானே போகிறது, இது எதற்கு?

பதில்: கல்லீரலுக்காக. பருமன் உள்ளவர்களுக்குக் கொழுப்பேறிய கல்லீரல் பெரிதாகி இரைப்பையை மூடிக் கிடக்கும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில், அதைத் தூக்கிப் பிடித்துத்தான் வேலை செய்ய வேண்டும். இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்தால் அது சுருங்கி வழிவிடும். கடைசி ஆசை என்று முந்தின வாரம் பிரியாணி தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்ஜன் உள்ளே பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

தஞ்சாவூரிலிருந்து, 45 வயது: வலி எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்லுங்கள் அக்கா.

பதில்: சொல்கிறேன். மயக்கம் தெளிந்ததும் வாய் பாலைவனமாகக் காய்ந்திருக்கும், குடிக்கத் தரமாட்டார்கள், உதட்டை ஈரப் பஞ்சால் துடைப்பார்கள். வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள். அந்த வலி மருந்துக்கு அடங்கிவிடும். எதிர்பாராத வலி தோளில் வரும். வயிற்றை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்சைடு வாயு ஏற்றுவார்கள். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்தும்போது, நரம்பு வழியாகத் தோளில் வலிப்பதுபோல் தெரியும். எனக்கே தெரிந்த விஷயம், ஆனாலும் அன்று இரவு மாரடைப்போ என்று ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவிடுவார்கள். 'இந்த நிலைமையிலா' என்று சண்டை போடாதீர்கள், நானும் என் ஜூனியர் பெண்ணிடம் சண்டை போட்டேன். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. அதற்குத்தான் நடை, அதற்குத்தான் வயிற்றில் போடும் அந்தச் சின்ன ஊசியும். குமட்டலும் இருக்கும். முதல் நாள் இரவு ஏண்டா செய்தோம் என்றுதான் இருக்கும். இரண்டாம் நாள் காலையில் பாத்ரூமுக்குத் தனியாகப் போய்வந்ததும் கொஞ்சம் மனசு மாறும்.

விருதுநகரிலிருந்து, மகன்: அம்மாவுக்கு ஸ்லீவ் முடிந்து ஆறு நாள். வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்றிலிருந்து லேசான காய்ச்சல், நாடி 118, 120 என்று காட்டுகிறது. வாயு என்று பக்கத்து வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, படித்தது போதும், கிளம்பு. ஓமத் தண்ணீர் வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம். அறுவை செய்த மருத்துவமனைக்குப் போன் போட்டுக்கொண்டே போ. அது தூரம் என்றால் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்லீவ் முடிந்து ஆறாம் நாள், நாடி 120 என்று வாசலிலேயே சொல். போனதும் எழுது.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். இரைப்பையை வெட்டி ஸ்டேப்ளர் போட்டு மூடிய கோட்டில் கசிவு வருவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். ஆனால் வந்தால் முதலில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் நாடிதான், வலி கூடப் பின்னால்தான் வரும். ஓய்வாக இருக்கும்போதே நாடி 100-க்கு மேலேயே நின்றால் போன் செய்யுங்கள். காய்ச்சல், மூச்சுத் திணறல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், எது குடித்தாலும் வாந்தி, இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மேசையைப் பற்றி நூறு பேர் கேட்டீர்கள், வீட்டுக்கு வந்தபிறகு நாடி பார்ப்பதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும், காசு செலவில்லை.

கும்பகோணத்திலிருந்து, சுத்த சைவம்: முட்டை கூடச் சாப்பிட மாட்டேன். புரோட்டீனுக்கு என்ன செய்வது? தண்ணீரும் இறங்கமாட்டேன் என்கிறது.

பதில்: முதலில் தண்ணீர். முன்பு செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தோமே, அந்தப் பழக்கம் முடிந்தது. காற்றும் சேர்ந்து போய் நெஞ்சு அடைக்கும். சின்ன டம்ளரில் வைத்து, வாய் வைத்து, ஒரு மிடறு, இரண்டு நிமிஷம், இன்னொரு மிடறு. ஒன்றரை லிட்டர் வரை போக வேண்டும் என்றால் நாள் முழுக்க இதுதான் வேலை. சோடா, கோலா, ஸ்ட்ரா வேண்டாம். சிறுநீர் டீ நிறத்தில் போனால் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். முதல் மாதம் திரும்ப வார்டுக்கு வருபவர்களில் நிறையப் பேர் இப்படிக் காய்ந்துபோய்த்தான் வருவார்கள்.

சாப்பாடு ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் கொஞ்சம் மாற்றித் தரும். பொதுவாக இரண்டு வாரம் திரவம்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத ரசம், மோர், பால். அடுத்த இரண்டு வாரம் மசித்தது. பிறகு மென்மையானது, இரண்டு மாதம் வாக்கில் வழக்கமான சாப்பாடு, கால் அளவில். புரோட்டீன் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். சைவத்தில் முதலில் பவுடர் இல்லாமல் முடியாது, கௌரவம் பார்க்காதீர்கள். பிறகு தயிர், பன்னீர், மசித்த பாசிப்பருப்பு. சத்துமாவுக் கஞ்சியை நம்பாதீர்கள், அதில் பெரும்பகுதி மாவுதான். தட்டில் பருப்பை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போங்கள். சாப்பிட்டு அரைமணி நேரம் தண்ணீர் வேண்டாம்.

ஐந்தாவது வாரம் ஒரு கல்யாணத்தில் பாதி மெதுவடையை 'மெதுவாகத்தானே' என்று வாயில் போட்டேன். மண்டபத்துக் கைகழுவுமிடத்தில் அரைமணி நேரம் நின்றேன். சொந்தக்காரர்கள் விசேஷமோ என்று சந்தேகப்பட்டார்கள், அப்போது எனக்கு வயது 46!

கரூரிலிருந்து: மூன்றாவது வாரம். பத்து நாளாக ஒரு கிலோகூட இறங்கவில்லை. எனக்கு மட்டும் அறுவை தோற்றுவிட்டதா?

பதில்: இல்லை. முதலில் வேகமாக இறங்கியதில் நிறைய நீர். மூன்றாவது வாரம் வாக்கில் எடை நிற்பது அவ்வளவு சகஜம். தராசைப் பரண்மேல் போடுங்கள், வாரம் ஒருமுறை எடுங்கள்.

கோவையிலிருந்து: மூன்றாம் மாதம் முடி கொத்துக்கொத்தாக வருகிறது.

பதில்: வரும். உடம்பு பெரிய அதிர்ச்சியைக் கண்டால் மூன்று நான்கு மாதம் கழித்து முடி கொட்டும், பிரசவத்துக்குப் பிறகு கொட்டியது ஞாபகம் இருக்கிறதா? சில மாதத்தில் நின்று திரும்ப வளரும். ஆனால் புரோட்டீன், இரும்பு, பி12 சரியாக இருக்கிறதா என்று ரத்தம் பாருங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரமாவது பிரித்துப் போடுங்கள், இரும்பை டீயோடு போடாதீர்கள். இந்த மாத்திரைகள் ஆயுள் முழுக்க, நன்றாக இருக்கிறது என்று நிறுத்தும் விஷயம் இல்லை.

ராமநாதபுரத்திலிருந்து, சர்க்கரை நோயாளி: பழைய மாத்திரைகள் நிறைய மிச்சம் இருக்கின்றன. வீட்டுக்குப் போனதும் தொடரலாமா?

பதில்: கூடவே கூடாது அண்ணா. அறுவை முடிந்த சில நாளிலேயே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும், சாப்பாடும் இல்லை. பழைய அளவில் இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ போட்டால் தாழ் சர்க்கரையில் மயங்கி விழுவீர்கள். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதை. டிஸ்சார்ஜ் சீட்டில் புது அளவு எழுதி வாங்காமல் கட்டிலை விட்டு இறங்காதீர்கள். மூட்டுவலிக்கு நீங்களே கடையில் வாங்கும் வலி மாத்திரையையும் மறந்துவிடுங்கள், புண் வரும், பைபாஸில் இன்னும் மோசம்.

சென்னையிலிருந்து: இன்சூரன்ஸ் கிடைக்குமா? இல்லை, இப்போது வந்திருக்கும் எடை குறைக்கும் ஊசியையே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, மருந்துக்கு அடங்காத சர்க்கரை மாதிரி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். காத்திருப்புக் காலம் உங்கள் பாலிசியில் தனியாக இருக்கும், முன் அனுமதி வாங்கிக்கொண்டே தேதி குறியுங்கள்.

அந்த ஊசிகளில் மௌன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, வீகோவி ஜூனில். நல்ல மருந்துகள்தான், சிலருக்கு அதுவே போதும். நிறுத்தினால் எடை திரும்புவது அதிகம், மாதா மாதம் செலவு. பி.எம்.ஐ. ரொம்ப அதிகமானவர்களுக்கு இன்னும் அறுவைதான் அதிகம் குறைக்கிறது. ஊசி போட்டுக்கொண்டே அறுவைக்குப் போகிறவர்கள் மயக்க டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இரைப்பை காலியாக நேரம் எடுக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து: பதினோரு நாள் ஆகிறது. வீட்டில் சாம்பார் தாளிக்கும் வாசனைக்கு அழுகை வருகிறது. தப்புப் பண்ணிவிட்டேனா அக்கா?

பதில்: பதினோராம் நாள் நானும் அழுதேன், எனக்கு மீன் குழம்பு. கோபம் வந்தாலும் கஷ்டம் வந்தாலும் சாப்பாட்டில்தான் ஒதுங்குவோம். அந்தத் திண்ணையை இடித்துவிட்டார்கள், எங்கே போய் உட்காருவது என்று மனசுக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் செய்தீர்களா? நான் மாமியாரிடம் பித்தப்பை என்று பொய் சொன்னேன். அது பெரிய தப்பு, ஏனென்றால் அவர் பாசமாகப் பொங்கல் கொண்டுவந்து நின்றார். ஒருவரிடமாவது சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை என்றால் டாக்டரிடம் அதையும் ஒரு நோயாகவே சொல்லுங்கள்.

விருதுநகரிலிருந்து, மீண்டும்: சிஸ்டர், போனோம். சி.டி. எடுத்தார்கள், கசிவு இல்லை. நீர் குறைந்து சிறுநீரில் தொற்று. மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏற்றி இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நாடி 84. என்ன கொடுக்கலாம் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

பதில்: டாக்டர் சீட்டில் எழுதியது முதலில். அதில் மோர் இருந்தால், வடிகட்டி, கொஞ்சம் உப்புப் போட்டு, ஸ்பூனில் கொடு. பக்கத்திலேயே உட்கார்ந்து கொடு தம்பி, இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் ஏதாவது பேசிக்கொண்டிரு.