நாணயம் தேய்ந்ததா, அச்சுத் தேய்ந்ததா?

கேள்வி: அம்மம்மாவின் தகரப் பெட்டியில் 1870ஆம் ஆண்டுச் செப்பு ஒரு சத நாணயங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் விக்டோரியா மகாராணியின் தலைமயிர் மழுங்கியும் எழுத்துகள் தடித்தும் தெரிகின்றன. ஆனால் சரித்துப் பார்த்தால் ஒளி சுற்றி ஓடுகிறது. மற்றையதில் மயிரிழைகள் தெளிவு. நிறம் மட்டும் வெளிறிய இளஞ்சிவப்பு. புறக்கோட்டையில் ஒரு வியாபாரி முதலாவதைத் தேய்ந்த காசென்று தள்ளிவிட்டு, இரண்டாவதற்கே கூடிய விலை சொன்னார். அது சரியா? நானே பார்த்து அறிய வழி உண்டா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால், வியாபாரி இரண்டையும் தலைகீழாக மதிப்பிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். உருவம் மங்கியிருப்பதை மட்டும் வைத்து ஒரு நாணயம் புழக்கத்தில் தேய்ந்தது என்று முடிவு செய்ய முடியாது. கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கலாம்; அதை அடித்த அச்சே (உருவத்தைப் பள்ளமாகப் பொறித்த எஃகுக் கட்டை) ஏற்கெனவே தேய்ந்திருந்திருக்கலாம்; அல்லது அச்சு நன்றாக இருந்தும் அடி போதிய விசையுடன் விழாமல் இருந்திருக்கலாம். இம்மூன்றும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றினாலும், உலோகத்தின் மேற்பரப்பில் வெவ்வேறு தடயங்களையே விட்டுச் செல்கின்றன.

முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம் வீடுகளிலுள்ள டியூப் லைட் ஒளியைப் பரப்பிவிடுவதால் மேற்பரப்பின் குணம் தெரியாது. மேசை விளக்கொன்றில் ஒற்றைக் குமிழை எரியவிட்டு, நாணயத்தை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சரித்துச் சுழற்றிப் பாருங்கள். ஐந்து மடங்கு முதல் பத்து மடங்கு வரை பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று போதுமானது. கைபேசிப் படத்தை நம்ப வேண்டாம். அது மினுக்கத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வேறுபடுத்திக் காட்டாது.

அச்சின் தேய்வு எப்படி நிகழ்கிறது என்பதை அறிந்தால் மீதி எளிது. அடி விழும்போது உருவம் பதியாத வெற்றுத் தகட்டின் உலோகம் அழுத்தத்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு உராய்வதால் எஃகு அச்சின் முகத்தில், சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, விளிம்பை நோக்கிய நுண்ணிய வரிகள் உண்டாகின்றன. புதிய அச்சில் அடித்த நாணயத்தின் வெற்றுப் பரப்பு வழவழப்பாக இருக்கும். அச்சுச் சற்றுப் பழகியதும் அந்த நுண்வரிகள் நாணயத்திலும் பதிந்து, நீங்கள் குறிப்பிடும் சுற்றி ஓடும் ஒளியைத் தருகின்றன. அச்சு மிகப் பழையதானால் வரிகள் முரடாகி, விளிம்பை அடுத்த எழுத்துகளின் அடிப்பாகம் வெளிநோக்கி இழுபட்டுத் தடிக்கிறது. அச்சு வெடித்திருந்தால், அந்த வெடிப்பினுள் உலோகம் புகுந்து, நாணயத்தில் மேடான மெல்லிய கோடாக நிற்கும். நாணயத்தின் மேல் பின்னாளில் விழுந்த கீறல் எப்போதும் பள்ளமாகவே இருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

புழக்கத் தேய்வு இதற்கு மாறானது. விரலும் பையும் பிற காசுகளும் முதலில் தொடுவது மேடுகளைத்தான்: இந்த நாணயத்தில் காதுக்கு மேலுள்ள மயிர், புருவம், கன்னம், மறுபுறத்தில் நடுவிலுள்ள மரத்தின் தண்டும் ஓலைகளும். மரத்தின் இரு பக்கங்களிலும் சிங்களத்திலும் தமிழிலும் பொறித்த மதிப்பு தாழ்வாக இருப்பதால் அது பின்னரே தேயும். தேய்ந்த மேடு வழுவழுப்பாக, ஒளி ஓடாமல், சுற்றியுள்ள பரப்பிலிருந்து வேறுபட்ட மங்கிய நிறத்தில் நிற்கும். ஆகவே உங்கள் முதல் நாணயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே: சுழலும் ஒளி அந்த மழுங்கிய மயிரின் மேலும் தடையின்றிக் கடந்து செல்கிறதா? கடந்து சென்றால், அவ்விடத்து உலோகத்தை எதுவும் தேய்க்கவில்லை. மங்கல் அச்சிலிருந்தே வந்தது. மயிர்மேட்டில் மட்டும் ஒளி அறுந்து மறுபுறம் மீண்டும் தொடங்கினால், புழக்கத் தேய்வும் சேர்ந்திருக்கிறது.

விசை குறைந்த அடியை அறிய நாணயத்தைப் புரட்டிப் பாருங்கள். தலையின் உயரமான பகுதியும் மரமும் முதுகோடு முதுகாக அமைந்திருப்பதால், இரு பக்க அச்சுகளின் பள்ளங்களையும் நிரப்ப உலோகம் போதாமற் போகும்போது இரண்டும் ஒரே நேர்கோட்டில் மழுங்கும். அவ்விடத்தில் தகட்டின் பழைய சொரசொரப்பும் எஞ்சியிருக்கும். அப்போது எழுத்துகள் தடித்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் தடிப்பையும் சொல்லியிருப்பதால்தான் நான் அச்சுத் தேய்வின் பக்கம் சாய்கிறேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தேய்ந்த அல்லது ஒன்றோடொன்று மோதிக் காயம்பட்ட அச்சை நாணயசாலையில் மீண்டும் தேய்த்து மெருகிடுவார்கள். அப்போது அச்சின் ஆழமற்ற பொறிப்புகள் முதலில் மறைவதால், நாணயத்தில் மேடுகள் கூர்மையாக இருக்க, தாழ்ந்த மெல்லிய இழைகள் காணாமற் போகும். புழக்கம் உயர்ந்ததை முதலில் தின்கிறது, மெருகிடல் தாழ்ந்ததை முதலில் தின்கிறது. அச்சு மெருகின் கோடுகள் மேடாக, எழுத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும். துணியால் தேய்த்த கீறல்களோ பள்ளமாக, எழுத்தின் மேலும் ஏறிச் செல்லும்.

இரண்டாவது நாணயத்தின் வெளிறிய இளஞ்சிவப்பு எனக்குக் கவலை தருகிறது. குத்துவிளக்கைத் துலக்குவது போல யாரோ புளியோ எலுமிச்சையோ இட்டுத் துலக்கியிருக்கலாம். அமிலம் செம்பின் மேற்தோலைக் கரைத்துவிடுவதால், மயிரிழைகள் எஞ்சினாலும் மேற்பரப்பு உயிரற்றதாகிவிடும். பிராசோ என்னும் உலோக மெருகுத் திரவம் இட்ட நாணயம் பளபளக்கும். ஆனால் அந்தப் பளபளப்பு சுழலாது. 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரமிடும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள், இவ்வாறு சுத்தம் செய்த நாணயத்துக்கு வழக்கமான எண் தரம் கொடுப்பதில்லை. தேய்ந்த அச்சில் அடிக்கப்பட்டதற்கோ கொடுப்பார்கள். பார்வைக்கு அழகு குறைவு என்பதால் விலை ஓரளவு இறங்கலாம், அவ்வளவுதான்.

எடையையும் பார்க்கலாம். ஒரு சதம் ஏறத்தாழ 4.7 கிராம் இருக்க வேண்டும். அச்சுத் தேய்வு எடையைக் குறைக்காது, கடும் புழக்கமே குறைக்கும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் நுட்பமான தராசு உண்டு. நிறுத்துத் தரும்படி மட்டும் கேளுங்கள். உரைகல்லில் உரசவோ அரம் போடவோ விடாதீர்கள்.

கையால் அடித்த பழைய மாசைக் காசுகளுக்கும், ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பிலேயே அடித்த தடித்த ஸ்டூய்வர் செப்புக் காசுகளுக்கும் இந்த விதிகள் அப்படியே பொருந்தா. அவற்றில் உருவம் ஒருபக்கம் ஒதுங்கியிருப்பதும் அரைகுறையாகப் பதிவதும் இயல்பு.

வியாபாரியிடம் மீண்டும் செல்வதாயின், விளக்கின் கீழ் முதல் நாணயத்தைச் சுழற்றிக் காட்டி, ஒளி அறுபடும் இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். அவரால் காட்ட முடியாவிட்டால் அந்த விலைக்குக் கொடுக்க வேண்டாம். அதுவரை கொழும்பின் உப்புக் காற்றுப் படாதவாறு, மென்மையான பிவிசி உறைகளைத் தவிர்த்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியுடன் மூடிய பெட்டியில் வையுங்கள். இரண்டாவதை இனியும் துலக்க வேண்டாம்.