விண்வெளி நிலையம் வேலூர் வானத்தில் பாதி வழியிலேயே மறைவது ஏன்?

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்றும் ஆய்வுக்கூடம். தெருவில் இருட்டிய பிறகும் பாலமதி மலை உச்சியில் கொஞ்ச நேரம் வெயில் நிற்கும், இல்லையா? அப்படித்தான், நமக்கு இரவாகியும் அதன்மேல் வெயில் படுகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் லேசாகச் சிவந்து, சில நொடிகளில் காணாமல் போகும். அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் மட்டுமே பெரும்பாலும் தெரிவதும் இதனால்தான்.

நிலையம் எப்போது தெரியும் என்று சொல்லும் ஹெவன்ஸ் அபவ் இணையதளத்தில் இடத்தை வேலூர் என்று வையுங்கள். அப்படியே இந்திய நேரமா என்றும் பாருங்கள். உலக நேரமாக இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அடிவானத்திலிருந்து உச்ச உயரம் 40 பாகைக்கு மேல் காட்டும் நாளே நல்லது. கையை முழுக்க நீட்டி மடக்கிய முஷ்டி ஒன்று 10 பாகை. தாழ்வாகப் போனால் மலையும் ஊர் வெளிச்சமும் மறைத்துவிடும். மேற்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள், அங்கிருந்துதான் ஏறிவரும். வெறும் கண்ணே போதும்.

நிலையத்தின் விளக்குகள்தான் தெரிகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். தெரிவது அதன் சூரியத் தகடுகளிலும் உடலிலும் பட்டுத் திரும்பும் வெயில். விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டு போனால் அது விமானம்.