அரசியல் பிளவு முற்றினால் பெருந்தொற்றுக் காலத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு என்ன ஆகும்?

ஒரு விஷயம் சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்பே, சொன்னது நம்ம ஆளா எதிராளியா என்று பார்ப்பதுதான் அரசியல் துருவமயம். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் முகக்கவசமே கட்சி அடையாளம் ஆனது. தொற்றுநோய் நிபுணர் அந்தோணி ஃபவுச்சிக்குக் கொலை மிரட்டல் வந்து, 2020-இல் பாதுகாப்பு கொடுக்க வேண்டியதாயிற்று.

ஊரடங்கு, அபராதம், தடுப்பூசி எல்லாம் எங்கோ மேலே முடிவாகின்றன. வாசலில் வந்து நிற்பவர் சுகாதாரப் பணியாளர். கோபம் கைக்கெட்டுகிறவர் மேல்தானே விழும்? வேலூர் பக்கம் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால், டேங்க் ஆபரேட்டர் எந்தத் தெருவுக்கு வால்வைத் திறந்தாலும் ‘அவன் அந்தக் கட்சி’ என்பார்கள். அதே நிலைமைதான்.

வேலூர் மாவட்டத்தில் கே.வி.குப்பம், அணைக்கட்டு போன்ற ஊர்களில் வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியரை நினைத்துப் பாருங்கள். தோளில் தடுப்பூசிப் பெட்டி, கையில் பதிவேடு. ‘ஆளுங்கட்சி அனுப்பிச்சுதா?’ என்று ஒரு வீட்டில் கதவைச் சாத்தினால், நஷ்டம் அந்த ஒரு ஊசியோடு போகாது. அதே அக்காதான் அந்த வீட்டுக் கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை தர வேண்டும், குழந்தையின் தடுப்பூசித் தேதியை நினைவுபடுத்த வேண்டும். என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தை 2020-இல் திருத்தி, பணியாளரைத் தாக்கினால் 5 ஆண்டு வரையும், கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரையும் சிறை என்றார்கள். அவசியமான சட்டம்; ஆனால் சந்தேகத்தை அது போக்காது.

அப்புறம், அரசைக் கேள்வி கேட்பதே துருவமயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: ஊரடங்கைத் தாராளமாக விமர்சிக்கலாம், ஊசியின் பக்கவிளைவு பற்றி அந்தச் செவிலியரிடமே கேட்கலாம்.