கேள்வி பதில்: ஜெஃபர்சனின் 20 வருடமும் 19 வருடமும்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், 20 வருடத்துக்கு ஒருமுறை எல்லாச் சட்டத்தையும் கிழித்துப் போட்டுப் புரட்சி செய்யச் சொன்னாராமே?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

இரண்டு கடிதங்கள் இங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன. 1786-ல் மாசசூசெட்ஸ் உழவர்கள் வரியும் கடனும் தாங்காமல் எழுந்து நீதிமன்றங்களை மறித்தார்கள். பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சன் 1787 நவம்பரில் ஒரு கடிதத்தில் கணக்குப் போட்டார்: 13 மாநிலம், 11 வருடம், ஒரே கலகம்; ஒரு மாநிலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டில் ஒன்று. இப்படி ஒன்றுகூட இல்லாமல் 20 வருடம் போய்விடக் கூடாது என்றார். அதே கடிதத்தில் மருந்தும் சொன்னார்: உண்மையை எடுத்துச் சொல்லுங்கள், மன்னியுங்கள், அமைதிப்படுத்துங்கள். இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

19 வருடக் கணக்கு 1789 செப்டம்பரில் நண்பரும் அரசியல் கூட்டாளியுமான ஜேம்ஸ் மாடிசனுக்கு எழுதியது. பிரெஞ்சு அறிஞர் பூஃபோனின் இறப்பு அட்டவணைப்படி, இன்று 21 வயது நிரம்பியிருப்போரில் பாதிப்பேர் 18 வருடம் 8 மாதத்தில் இறந்திருப்பார்கள். செத்தவர் போட்ட சட்டம் உயிரோடிருப்பவரைக் கட்டக் கூடாது. ஆகவே சட்டம், அரசியலமைப்பு, பொதுக்கடன் எல்லாம் 19 வருடத்தோடு முடிய வேண்டும். மாடிசன் ஒப்பவில்லை. கெடு நெருங்க நெருங்கச் சொத்தின் மதிப்பு ஆட்டம் காணும். பேரப்பிள்ளைகளின் நன்மைக்காக வாங்கும் கடனும் உண்டே என்று பதில் எழுதினார். மாடிசன் சொன்னதே சரி என்பேன். நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்புக்குக் கெடு இல்லை, திருத்த வழி உண்டு. உரிமைச் சாசனத்தில் கைவைக்க 400 பேர் கொண்ட தேசிய மன்றத்தில் 267 வாக்கும், 9 மாகாணங்களில் 6-ன் ஒப்புதலும் வேண்டும்.

கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வாரிசு நான். அடிமைகளை வைத்திருந்தவரின் சுதந்திரப் பேச்சை எப்படி ஏற்பது?
– வாசகர், டொங்காட்

உங்கள் கோபம் நியாயமானது. வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். உயிலில் விடுவித்தது 5 பேரை. 1827 ஜனவரியில் அவர் கடனுக்காக 130 பேரை ஏலத்துக்கு அறிவித்தார்கள். அவர் சொன்ன தத்துவத்தை இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கள் வார்டு கமிட்டி கூடிக் கலைகிறது, ஒன்றும் நடப்பதில்லை. வார்டு பற்றி ஜெஃபர்சன் எழுதியிருக்கிறாரா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எழுதியிருக்கிறார். அவர் எழுதியதிலேயே நமக்கு அதிகம் பயன்படுவது இதுதான். ஐந்தாறு மைல் சதுரம், அதாவது எல்லாரும் நேரில் வந்து கூடக்கூடிய அளவு, ஒரு வார்டு. பள்ளி, ஏழைகளின் பராமரிப்பு, தன் பங்குச் சாலை, காவல், சிறு வழக்கு, ஜூரித் தேர்வு, வாக்குப்பதிவு எல்லாம் அதன் கையில். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து ஊர்ச்சபைகள், அவர் அதிபராக இருந்தபோது வெளிநாட்டு வணிகத்தை நிறுத்திய அவருடைய சொந்தத் தடைச் சட்டத்தையே எதிர்த்து நின்றன. அரசின் அடித்தளம் தன் காலடியில் ஆடியதை உணர்ந்ததாக 1816-ல் எழுதினார். தன்னைத் தோற்கடித்த அந்த அமைப்பையே வர்ஜீனியாவுக்கும் கேட்டார்.

கிடைக்கவில்லை. அதற்கு முன்பே 1796-ல் அங்கே வந்த பள்ளிச் சட்டமும் இப்படித்தான் போனது. பள்ளிகளை எப்போது தொடங்குவது என்பதை மாவட்ட நீதிபதிகளின் விருப்பத்துக்கு விட்டது. வரி கட்ட வேண்டிய பணக்காரர்களே பெரும்பாலும் நீதிபதிகள். அவர்கள் தொடங்கவே இல்லை.

இங்கேயும் கோளாறு அதே இடத்தில்தான். 1998 நகராட்சி அமைப்புச் சட்டப்படி கவுன்சிலர் தலைவர், கூட 10 பேர் வரை. கமிட்டி பரிந்துரைக்கலாம், அவ்வளவே. ஆனால் நகராட்சி மன்றம் விரும்பினால் கடமையும் அதிகாரமும் ஒப்படைக்க அதே சட்டத்தில் இடமுண்டு. அடுத்த கூட்டத்தில் கவுன்சிலரிடம் இதைக் கேளுங்கள்: எங்கள் கமிட்டிக்கு மன்றம் எந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறது? பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.