முன்னேற்றமும் நவீனமயமும் எப்போதுமே சமூகத்துக்கு நன்மை தருமா?

எப்போதும் தராது. யாருக்கு நன்மை, எத்தனை ஆண்டுக்கு நன்மை என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்துக்குள் ஆழ்துளைக் கிணறு (பேச்சில் ‘போர்’) நுழைந்ததை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் போர்க் கிணறு தந்த நன்மை பெரியது. ஏரி நீர் ஏறாத மேட்டு நிலத்திலும், எட்டாத கடைமடையிலும் பயிர் வந்தது. மழை தவறிய ஆண்டிலும் ஒரு போகம் கைக்குக் கிடைத்தது. மோட்டார் வந்ததும் மாடு பூட்டிக் கமலை இறைக்கும் பாடும் ஒழிந்தது.

ஆனால் ஏரிக்கு ஆண்டுதோறும் வேலை உண்டு. ஏரிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும், கரையில் எலி வளையை அடைக்க வேண்டும், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகையும் உபரி நீர் வழியும் கலங்கலையும் பழுதுபார்க்க வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் அளக்க வேண்டும். ஏரி நீர் பாயும் நிலத்துக்காரர்களான ஆயக்கட்டுக்காரர் எல்லோரும் ஏரியையே நம்பியிருந்தவரை இது நடந்தது. முதலில் போர் போட்டவர்கள் வசதியுள்ளவர்கள். ஊர்க்கூட்டத்தில் பேச்சு எடுபட்டதும் அவர்களுக்குத்தான். அவர்கள் ஒதுங்கியதும் வேலைக்கு ஆளும் பணமும் குறைந்தன. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியது. ஏரி நிறையாததால் நிலத்தடி ஊற்றும் வற்றி, அவர்கள் போரிலேயே நீர்மட்டம் இறங்கியது.

மாநிலத்தின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கில்தான் தண்ணீர் நன்றாகத் தேங்கும். அதற்குக் கீழே வெடிப்புகளில் இருப்பதே மிச்சம். ஒரே வெடிப்பில் இரண்டு போர் இறங்கினால் ஆழமானது இழுத்துக்கொள்ளும், மற்றதில் காற்றுதான் வரும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நிற்கச் சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினால், 10 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம். 100 மீட்டரிலிருந்து என்றால் 140 யூனிட்டை நெருங்கும். மதகைத் திறந்தால் ஒரு யூனிட்கூட ஆகாது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படுவதில்லை. மேலும் மேலும் ஆழமாகப் போர் போடக் கடன் வாங்க முடியாதவர், திறந்த கிணற்றோடு நின்ற சிறு விவசாயி, முதலில் விவசாயத்தை விடுகிறார். என்னைப் பொறுத்தவரை இதுதான் மிகப் பெரிய அநியாயம்.

குடிநீருக்கும் போரையே நம்பினால் சிக்கல்தான். தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறு வயதிலிருந்தே குடித்தால் பல்லில் கறை விழும். அளவு மிகக் கூடினால் எலும்பும் பாதிக்கும். அதனால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

போரை மூடச் சொல்லவில்லை. போர் வைத்திருப்பவரும் ஏரிப் பராமரிப்புக்குப் பங்கு தரட்டும்; அவர் போரில் ஊறுவதும் ஏரித் தண்ணீர்தான். ஏரியைத் தூர்வாரப் பொக்லைன் இறக்குமுன் வரத்துக்காலைச் சரிசெய்யுங்கள், அது அடைந்திருந்தால் ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தியும் பயனில்லை. கரையை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை சரியும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் நீர் வயலுக்குத் தானாகப் பாயாது. அள்ளிய வண்டலைக் கரையோரம் குவிக்காமல் வயலுக்குக் கொண்டுபோங்கள். குவித்தால் அடுத்த மழையில் மறுபடி ஏரிக்குள்ளேயே வந்துவிடும்.